பக்கத்து வீட்டு அக்கா என்ன வாங்குவார்?

முதலில் ஒரு மளிகைப் பட்டியலை வாசிக்கிறேன். இதை எழுதியவர் எப்படிப்பட்ட பெண்ணாக இருப்பார் என்று யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

அரைத்த மாட்டிறைச்சி ஒன்றரை பவுண்டு. வொண்டர் பிரெட் இரண்டு. கேரட் ஒரு கட்டு. ரம்ஃபோர்ட் பேக்கிங் பவுடர் ஒரு டப்பா. நெஸ்கஃபே இன்ஸ்டன்ட் காப்பி. டெல் மான்டே பீச் பழம் இரண்டு டப்பா. உருளைக்கிழங்கு ஐந்து பவுண்டு.

அவ்வளவுதான். இதை வைத்து ஒருவருடைய குணத்தை எப்படிச் சொல்வது என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் அமெரிக்காவில் இதே பட்டியலைக் கையில் வாங்கிய குடும்பத் தலைவிகள் தயங்காமல் சொன்னார்கள். "சோம்பேறிப் பெண்" என்று சொன்னவர்கள் 48 சதவீதம்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் மேசன் ஹேர் செய்த ஆய்வு இது. 1950-ல் வெளியானது. சந்தை ஆய்வு என்னும் என் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். இன்றைய உரையில் பாதி நேரத்தை இதற்கே கொடுக்கப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹேர் இரண்டு பட்டியல்கள் தயாரித்தார். ஆறு பொருள்கள் இரண்டிலும் ஒன்றே. ஒரு வரி மட்டும் வேறு. ஒன்றில் நெஸ்கஃபே இன்ஸ்டன்ட் காப்பி. மற்றதில் மேக்ஸ்வெல் ஹவுஸ் காப்பித் தூள், அதாவது வீட்டில் வடித்துப் போடும் காப்பி. பாதிப் பேருக்கு ஒரு பட்டியல், மீதிப் பேருக்கு மற்றது. ஒருவர் பார்த்ததை இன்னொருவர் பார்க்கவில்லை. காப்பியைப் பற்றி ஒரு கேள்வியும் கிடையாது. "இந்தப் பெண்ணைக் கொஞ்சம் வருணியுங்கள்" என்று மட்டும் கேட்டார்கள். மேக்ஸ்வெல் ஹவுஸ் வாங்கிய பெண்ணைச் சோம்பேறி என்றவர்கள் 4 சதவீதம்தான். நெஸ்கஃபே வாங்கியவளை "நல்ல மனைவி இல்லை" என்றே 16 சதவீதம் பேர் சொல்லிவிட்டார்கள். மற்றவளை அப்படி ஒருவர்கூடச் சொல்லவில்லை.

நேயர்களே, பெண்களிடம் நேராகக் கேட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? அதையும் கேட்டுப் பார்த்திருந்தார்கள். "இன்ஸ்டன்ட் காப்பி ஏன் பிடிக்கவில்லை?" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் வந்த பதில், "சுவை பிடிக்கவில்லை" என்பது. மரியாதையான பதில். யாரையும் புண்படுத்தாத பதில். அதை நம்பி ஒரு கம்பெனி சுவையைச் சரிசெய்யப் பல வருடம் செலவழித்திருக்கலாம், விற்பனை அங்கேயே நின்றிருக்கும். உண்மையில் தடுத்தது நாக்கு இல்லை. கணவனுக்குக் காப்பி போட்டுக் கொடுப்பது நல்ல குடும்பப் பெண்ணுக்கு அடையாளம் என்று அன்றைய அமெரிக்கா நினைத்தது. டப்பாவைத் திறந்து வெந்நீர் ஊற்றினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற பயம்தான் தடுத்தது. அந்தப் பயத்தை வாசலில் வந்து நிற்கும் முன்பின் தெரியாத ஒருவரிடம் யார் சொல்வார்கள்? பல பேருக்குத் தனக்குள் அது இருப்பதே தெரிந்திருக்காது.

ஹேர் அதோடு விட்டுவிடவில்லை என்பதால்தான் எனக்கு அவர்மேல் இவ்வளவு மதிப்பு. கோபம் நெஸ்கஃபே என்ற பெயர்மேலா, அல்லது சமையலில் குறுக்குவழி தேடுவதன்மேலா? இரண்டு பட்டியலிலும் புளூபெரி பை செய்வதற்கான தயார்க் கலவை ஒன்றைச் சேர்த்து மறுபடி கேட்டார். இப்போது மேக்ஸ்வெல் ஹவுஸ் பெண்ணும் தப்பவில்லை. அவளும் சோம்பேறிதான். பிறகு இன்னொரு படி மேலே போனார். பதில் சொன்ன பெண்களின் வீட்டுச் சமையலறை அலமாரியில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஏற்பாடு செய்தார். இன்ஸ்டன்ட் காப்பி டப்பா இருந்த வீடுகளில், நெஸ்கஃபே வாங்கிய அந்தக் கற்பனைப் பெண்ணைச் சிக்கனமானவள் என்று நல்லபடியாகவே சொல்லியிருந்தார்கள். குறைசொன்ன வீடுகளில் பெரும்பாலும் டப்பா இல்லை. வாயால் சொன்னதும் அலமாரியில் இருந்ததும் ஒத்துப்போயின.

சொல்வதைக் கேட்பது, வீட்டில் இருப்பதைப் பார்ப்பது, இரண்டையும் சேர்த்து வைத்து யோசிப்பது. என் வேலை முழுக்க இதுதான். நம் ஊரில் இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன்.

இட்லி மாவு விற்கும் ஒரு சிறிய நிறுவனத்துக்காக வீடு வீடாகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு வீட்டில் அந்த அம்மா உறுதியாகச் சொன்னார்: "நாங்க வீட்டுலதான் அரைக்கிறது. கடை மாவு எப்பவாவது, அவசரத்துக்குத்தான்." தண்ணீர் குடிக்கச் சமையலறைப் பக்கம் போனேன். கிரைண்டர் இருந்தது. துணி போர்த்தியிருந்தது. துணிமேல் வெங்காயக் கூடை, கூடைக்குப் பக்கத்தில் பிள்ளைகளின் டிபன் பாக்ஸ்கள், இரண்டு பழைய காலண்டர். அந்தக் கிரைண்டரை இறக்கி வைத்து ஓட்டி ரொம்ப நாளாகியிருக்கும் என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. இதைச் சொல்லிக் காட்டக்கூடாது. நம்மை நம்பி வீட்டுக்குள் விட்டவரை வெட்கப்பட வைப்பதற்கு நமக்கு உரிமை இல்லை. அதனால் வேறு கேள்வி கேட்டேன். "இந்தத் தெருவுல கடை மாவு யாரும்மா அதிகமா வாங்குவாங்க?"

உடனே பேச்சு பெருகியது. பக்கத்து வீட்டு அக்கா வாங்குவாராம். பாவம், வேலைக்குப் போய்விட்டு ராத்திரி ஏழு மணிக்கு வருகிறார், அவரால் எப்படி அரைக்க முடியும்? "அரைக்கிறதுகூடப் பெருசு இல்லைங்க. அந்தக் கல்லைத் தூக்கிக் கழுவுறதுதான் இடுப்பை ஒடிக்கும்." மாமியார் சாப்பிடும்போது இட்லியைப் பிட்டுப் பார்த்து, "இது எந்தக் கடை?" என்று கேட்பாராம். அந்தக் கேள்வி வந்தால் அன்றைக்குச் சோறு இறங்காதாம். அண்ணாச்சி கடையில் மாவு நல்ல மாவுதான், ஆனால் எப்போது அரைத்தது என்று தெரிய மாட்டேன் என்கிறது, அது தெரிந்தால் மாமியாரிடம் ஒரு பதிலாவது சொல்லலாம்.

பக்கத்து வீட்டு அக்காவின் இடுப்பு வலி இவருக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருந்தது. நேயர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த நிறுவன முதலாளி, "உழைப்பே வேண்டாம், வெட்டிப் பிரித்தால் இட்லி" என்று விளம்பரம் எழுதி வைத்திருந்தார். அந்த வீட்டில் வலித்த இடமே அதுதான் என்று எடுத்துச் சொன்னோம். விளம்பரத்தை எடுத்துவிட்டு, அரைத்த தேதியையும் நேரத்தையும் பாக்கெட்டின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டார். "இன்னைக்குக் காலையில அரைச்சது அத்தை" என்று சொல்ல ஒரு மருமகளுக்கு வழி கிடைத்தது.

இங்கே ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். 1970-ல் வெளியான ஓர் ஆய்வில் வெப்ஸ்டர், வான் பெக்மன் என்ற இருவர் ஹேரின் பட்டியல் சோதனையை மறுபடி செய்து பார்த்தார்கள். அந்தப் பழைய வித்தியாசம் மறைந்திருந்தது. இருபது ஆண்டில் அமெரிக்கப் பெண்ணின் வாழ்க்கை மாறிவிட்டது, இன்ஸ்டன்ட் காப்பி எல்லார் வீட்டிலும் வந்துவிட்டது. இங்கேயும் இருபத்தைந்து வயதுப் பெண்ணிடம் கடை மாவைப் பற்றிக் கேட்டால், எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று வழி சொல்லி அனுப்புகிறார். ஆகவே ஒரு தடவை தெரிந்துகொண்டதைப் பத்து வருடத்துக்கு வைத்து ஓட்ட முடியாது. போய்க் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

அப்படிக் கேட்கும் வழிகளில் ஒன்றாக, எட்டுப் பத்துப் பேரை வட்டமாக உட்காரவைத்துப் பேசவிடும் ஃபோகஸ் குரூப் என்ற முறையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்கு வித்திட்டது வானொலி! 1941 நவம்பரில் நியூயார்க்கில் பால் லாசர்ஸ்ஃபெல்ட் என்ற சமூகவியலாளர், ராபர்ட் மெர்ட்டன் என்ற சக பேராசிரியரையும் அவர் மனைவியையும் இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்தார். அவர்கள் வந்த வேளையில் ஒரு வானொலி நிகழ்ச்சியைச் சோதித்துப் பார்க்க அரசு அலுவலகத்திலிருந்து வேலை வந்துவிட்டது. மனைவிமார்களை வீட்டில் விட்டுவிட்டு இருவரும் ஸ்டுடியோவுக்குப் போய்விட்டார்கள். அங்கே நேயர்கள் சிலர் உட்கார்ந்து நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிடித்தால் பச்சைப் பொத்தான், பிடிக்காவிட்டால் சிவப்புப் பொத்தான். முடிந்தபின் ஒருவர் அவர்களிடம் காரணம் கேட்டார். கேட்கிறவர் தன்னை அறியாமல் பதிலைத் தன் பக்கம் இழுப்பதை மெர்ட்டன் கவனித்துக் குறிப்பெழுதி நண்பரிடம் நீட்டிக்கொண்டே இருந்தார். அடுத்த குழுவை நீங்களே நடத்துங்கள் என்றார் லாசர்ஸ்ஃபெல்ட். அங்கிருந்து வளர்ந்த முறையை மெர்ட்டன் 1946-ல் கட்டுரையாக எழுதினார். நான் புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இன்றும் அதுவே. "நல்லா இருக்குல்ல?" என்று கேட்காதே, "எப்படி இருந்துச்சு?" என்று கேள். வட்டத்தில் சத்தமாகப் பேசுகிறவர் பக்கம் எல்லாரும் சாய்ந்துவிடுவார்கள். மூலையில் பேசாமல் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருக்கும் பெண்ணிடம்தான் பல தடவை விஷயம் இருக்கும்.

எண்ணிக்கை எடுக்கும் பெரிய சர்வேக்களைப் பற்றியும் பேச நினைத்தேன், நேரம் குறைவாக இருப்பதால் சுருக்கிச் சொல்கிறேன். உங்கள் தெருவில் எந்த வீட்டைத் தட்டுவது என்பது சர்வே எடுப்பவர் இஷ்டம் இல்லை. வலதுகைப் பக்கமாகவே நடந்து, இத்தனை வீடு விட்டு இந்த வீடு என்று கணக்கு உண்டு. வீட்டுக்குள் யாரிடம் பேசுவது என்பதற்கும் லெஸ்லி கிஷ் 1949-ல் கொடுத்த ஓர் அட்டவணை இருக்கிறது. கதவைத் திறந்தவரையே பிடித்துக் கேட்டால், பகலில் வீட்டில் இருப்பவர்கள் மட்டுமே நாடு என்றாகிவிடும் அல்லவா? "வீட்டில் ஃபேன் இருக்கிறதா, ஃபிரிட்ஜ் இருக்கிறதா, விவசாய நிலம் உண்டா" என்று கேட்டுவந்தது வம்புக்கு இல்லை. 2011-ல் வந்த முறைப்படி இந்தியாவில் குடும்பத்தின் நிலையை வகைப்படுத்தியது குறிப்பிட்ட 11 பொருள்களில் எத்தனை இருக்கின்றன என்பதையும், முக்கியமாகச் சம்பாதிப்பவரின் படிப்பையும் வைத்துத்தான்.

ஆனால் எத்தனை பேரைக் கேட்டாலும் கேள்வி சரியில்லை என்றால் பயன் இல்லை. கோகோ கோலா ஏறத்தாழ 2 லட்சம் பேருக்குச் சுவை பார்க்கக் கொடுத்துவிட்டு, 1985 ஏப்ரல் 23 அன்று பழைய சுவையை மாற்றியது. ஜூலை 11 அன்று பழையதைத் திருப்பிக் கொண்டுவருவதாக அறிவித்தது. ஒரு வாய் குடித்து எது சுவையாக இருக்கிறது என்று சொல்வது வேறு. சின்ன வயதிலிருந்து கூட வந்த ஒன்று இனிமேல் கிடையாது என்பது வேறு.

இதற்கு நேர்மாறாக, பெரிய ஆய்வு எதுவும் இல்லாமல் மக்களைப் புரிந்துகொண்டவர்கள் நம் கடலூர்க்காரர்கள். பெரிய பாட்டில் வாங்க முடியாதவருக்கும் ஷாம்பு போய்ச் சேர வேண்டும் என்று சின்னி கிருஷ்ணன் சாஷே என்னும் சிறு பாக்கெட்டில் இறங்கினார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொழில் தொடங்கினார். கிராமங்களில் பள்ளிப் பையன்களின் தலையைக் கூட்டத்துக்கு நடுவில் சிக் ஷாம்பு போட்டு அலசிவிட்டு, முடியைத் தொட்டுப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள் என்றார்கள். எந்த ஷாம்புவாக இருந்தாலும் ஐந்து காலி சாஷே கொடுத்தால் ஒரு சிக் இலவசம் என்றும் ஒரு திட்டம் வந்தது. திரும்பி வந்த அந்தக் காலிப் பாக்கெட்டுகள் எனக்கு ஓர் ஆய்வறிக்கையாகவே தெரிகின்றன. யார் என்ன வாங்குகிறார்கள் என்பதற்கு அதைவிட நேரான சாட்சி கிடையாது. மல்லிகை மணத்தில் ஷாம்பு வந்ததும் தலையில் பூ வைப்பவர்களைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

மனதுக்குள் இருப்பதைத் தெரிந்துகொண்டு மக்களை ஏமாற்ற மாட்டார்களா என்ற கேள்வி உங்களுக்கு எழும். நியாயமான கேள்வி. வான்ஸ் பக்கார்ட் 1957-லேயே இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி அமெரிக்காவை உலுக்கினார். அப்படி நடப்பதும் உண்டு. ஒரு தாயின் பயத்தைத் தெரிந்துகொண்டு, அந்தப் பயத்தைக் கிளறியே பால் பவுடர் விற்பதை நான் தொழில் என்று ஏற்க மாட்டேன். பாக்கெட்டில் நேரத்தை அச்சடிக்க வைப்பதும் அதே அறிவுதான், அதற்காகத்தான் இந்த வேலையில் இருக்கிறேன்.

மணி ஆகிவிட்டது. வெயிலில் கையில் டேப்லெட்டோடு ஒரு பெண் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டலாம். அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உண்மையான ஆய்வாளர் உங்களிடம் எதையும் விற்க மாட்டார், வங்கிக் கணக்கு எண்ணோ ஓடிபியோ கேட்க மாட்டார். பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடலாம். உங்கள் தொலைபேசி எண்ணைக் கேட்டால், அவர் உங்கள் வீட்டுக்கு வந்தது உண்மைதானா என்று மேற்பார்வையாளர் சரிபார்ப்பதற்காக இருக்கும். நேரம் இருந்தால் உட்காரவைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்லுங்கள், கேட்க வந்தவர் புரிந்துகொள்வார் என்று நம்புகிறேன்.