அண்ணாச்சியின் கடன் நோட்டும் முதல் வேலையும்



கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம் ஆகும்னு ஊர்ல சொல்வாங்க. புரோகிராமிங் படித்துவிட்டு முதல் வேலை தேடுகிறவர்களின் நிலைமை அதுதான். "அனுபவம் இருக்கா?" என்று கேட்கிறார்கள். வேலையே தராம அனுபவம் எங்கிருந்து வரும்?

என் தம்பியும் ஒரு வருடம் இப்படித்தான் அலைந்தான். ரெஸ்யூமில் பைத்தான், ஜாவா, எஸ்கியூஎல் எல்லாம் இருந்தது. பதில்தான் வரலை. சும்மா இருந்த நாளில், எங்கள் தெரு மளிகைக் கடை அண்ணாச்சியின் கடன் நோட்டுக்குப் பதிலாக ஒரு சின்ன செயலி செய்து கொடுத்தான்.

முதல் வாரமே தகராறு. நெட் மெதுவாக இருந்ததால் அண்ணாச்சி பட்டனை இரண்டு தடவை அழுத்திவிட்டார். ஒரே கடன் இரண்டு முறை ஏறிவிட்டது. "நான் ஒரு தடவைதானே வாங்கினேன்?" என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வந்துவிட்டார். தம்பி ராத்திரி முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொரு பதிவுக்கும் தனி எண் கொடுத்தான். அதே எண் மறுபடி வந்தால் செயலி ஏற்காது.

வாடிக்கையாளர் விவரங்களை நீக்கிவிட்டு, நிரலை மட்டும் கிட்ஹப்பில் போட்டான். என்ன தப்பு நடந்தது, எப்படிச் சரி செய்தேன் என்றும் எழுதி வைத்தான். அடுத்த நேர்காணலில் பாதி நேரம் அந்தத் தப்பைப் பற்றித்தான் பேச்சு. சின்ன நிறுவனம்தான், ஆனால் வேலை கிடைத்தது. அவர்கள் கேட்ட அனுபவம் அதுதான்: நாம் செய்ததை ஒருவர் பயன்படுத்தி, அது உடைந்து, நாமே சரி செய்வது.

உங்களுக்கு வேறு வழிகளும் உண்டு. மாணவராக இருந்தால், 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் பயிற்சிகளைக் கல்லூரியில் கேளுங்கள். பட்டம், டிப்ளமோ முடித்தவர்கள் மத்திய அரசின் 'நாட்ஸ்' தளத்தில் பதிவு செய்து, உதவித்தொகையுடன் அப்ரன்டிஸ் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். தமிழ்நாடு தனியார்துறை வேலை இணையத்தையும், மாவட்ட வேலைவாய்ப்பு முகாம்களையும் கவனியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. "ஐடி கம்பெனியில வேலை வாங்கித் தர்றேன், முன்பணம் கட்டுங்க" என்று யார் சொன்னாலும் கட்டாதீங்க. ஆன்லைனில் பணம் கட்டி ஏமாந்திருந்தால், தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

உங்கள் தெருவிலும் ஒரு கடன் நோட்டு இருக்கும். இந்த வாரமே போய்ப் பாருங்கள்.