பார்க்காத வீட்டுக்கு முன்பணம்

 

இன்று வாடகைக்கு வீடு பிடிப்பதைப் பற்றிப் பேசுவோம். முன்பு எப்படிப் பிடித்தோம்? ஜங்கிலிகாட்டில் வீடு வேண்டும் என்றால் ஜங்கிலிகாட்டுக்கே போனோம். டீக்கடையில் விசாரித்தோம். வீட்டுக்காரர் கதவைத் திறந்து காட்டினார். குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தோம். பிறகுதான் பணம் கொடுத்தோம்.

2020ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சென்னையிலிருந்து கடலுக்கு அடியில் கேபிள் வந்தது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளம்! அதன் பிறகு நம் தீவில் இணையம் வேகமானது. இப்போது செல்போனிலேயே வீடு தேடுகிறோம். நல்ல வசதிதான். சென்னைக்குக் கப்பலில் போக சுமார் மூன்று நாள் ஆகும். மேல் சிகிச்சைக்குப் போகிறவர், பிள்ளையைக் காலேஜில் சேர்க்கிறவர், முன்பே போய் வீட்டைப் பார்த்துவிட்டு வர முடியுமா? முடியாது. இது ஏமாற்றுக்காரனுக்கும் தெரியும்.

அவன் யாரோ போட்ட விளம்பரத்திலிருந்து படங்களை எடுக்கிறான். தன் வீடு என்று போடுகிறான். 8,000 ரூபாய் பெறும் வீட்டுக்கு 4,000 ரூபாய் கேட்கிறான். நாம் போன் செய்தால், "நான் ராணுவத்தில் இருக்கிறேன். மாற்றலாகி வந்துவிட்டேன். சாவி காவலாளியிடம் இருக்கிறது" என்கிறான். அடையாள அட்டையின் படம் அனுப்புகிறான். அது யாருடைய அட்டையோ! "வீடு பார்க்க அனுமதிச் சீட்டு வேண்டும். 2,000 ரூபாய் அனுப்புங்கள். வாடகையில் கழித்துக்கொள்ளலாம்" என்கிறான். பணம் போன பிறகு அவன் போனை எடுக்க மாட்டான்.

இந்த ராணுவப் பொய் நாடு முழுவதும் நடக்கிறது. நம் ஊரில் இன்னும் சுலபமாக எடுபடும். முப்படைகளின் கூட்டுத் தலைமையகம் 2001 முதல் இங்கே இருக்கிறது. சீருடையைத் தினமும் பார்க்கிறோம். அதனால் நம்பிவிடுகிறோம்.

வீட்டுக்காரர்களையும் அவன் விடுவதில்லை. ஓர் அக்கா மாடியை வாடகைக்கு விட விளம்பரம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். போன் வருகிறது. "ராணுவக் கணக்கிலிருந்து அட்வான்ஸ் வரும். சோதனைக்கு ஒரு ரூபாய் அனுப்புங்கள், இரண்டு ரூபாய் வரும்" என்கிறான். அப்படியே வருகிறது. அக்காவுக்கு நம்பிக்கை பிறக்கிறது. அடுத்து ஒரு கட்டம்போட்ட படம் வருகிறது. "இதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள். 20,000 ரூபாய் வந்துவிடும்." அக்கா போடுகிறார். 20,000 ரூபாய் போய்விடுகிறது.

இங்கே கொஞ்சம் நிற்போம். உண்டியலில் காசு போடச் சாவி வேண்டுமா? வேண்டாம். எடுக்கத்தான் சாவி வேண்டும். ரகசிய எண்ணும் சாவிதான். நமக்குப் பணம் வருவதற்கு அந்த எண்ணைப் போட வேண்டியதே இல்லை.

நீங்கள் இப்போது படிக்கத் தெரிந்தவர்கள். பணம் அனுப்பும்போது திரையில் ஒரு பெயர் வரும். அதைப் படியுங்கள். வீட்டுக்காரர் சொன்ன பெயர் வேறா? அனுப்பாதீர்கள். கூகுள் பே, போன்பே இரண்டையும் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம். அவன் "சீக்கிரம், சீக்கிரம்" என்பான். நீங்கள் எழுத்துக் கூட்டியே படியுங்கள்.

மெயின்லேண்டில் வீடு என்றால் சொந்தக்காரர் ஒருவரைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள. அங்கே யாரும் இல்லையா? முதல் இரண்டு நாள் லாட்ஜில் தங்கி, நேரில் பார்த்துப் பிடியுங்கள். வீண் செலவு என்பார்கள் சிலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தமிழ்நாட்டில் 2019 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

பணம் போய்விட்டால்? பலர் வெட்கப்பட்டு வீட்டில்கூடச் சொல்வதில்லை. அதற்குள் அவன் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றிவிடுகிறான். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் அவன் கணக்கில் இன்னும் இருந்தால் முடக்கி வைக்க முடியும். அவன் அனுப்பிய செய்திகளை அழிக்காதீர்கள். புகார் எழுத அவை வேண்டும்.

சரி, எல்லோரும் போனை எடுங்கள். ஒன்று, ஒன்பது, மூன்று, பூஜ்யம். பெயர் இருக்கும் இடத்தில் "பணத் திருட்டு" என்று நீங்களே எழுதுங்கள். எழுதியதும் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுங்கள்.