முசலியின் பரக்கத்



மன்னார் மாவட்டத்து முசலியில் பெரியவர்கள் ஒருவரை வாழ்த்தினால் "பரக்கத்தா இருங்க" என்பார்கள். அரபியில் பிறந்து எங்கள் அடுப்படியில் ஊறிப்போன சொல் அது. காசு குவிந்த வீட்டுக்கு அதைச் சொல்வதில்லை. இருபது பேருக்கு ஆக்கிய சோறு முப்பது பேருக்குக் காணுமானால், ஆக்கியவளின் கையில் பரக்கத் இருக்கிறது என்பார்கள்.

காசு குவிந்த காலமும் எங்கள் கரைக்கு உண்டு. 1905ஆம் ஆண்டு முத்துக்குளிப்பில் மட்டும் இந்தக் கடலின் முத்துச்சிப்பிப் பார்களிலிருந்து 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகளை அள்ளினார்கள். கல்லில் கால் ஊன்றி மூச்சடக்கி இறங்கியவனுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி அரசுக்கு. மறு ஆண்டே லண்டன் கம்பனியொன்று பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பிறகு பார்கள் வெறுமையாயின, 1912இல் கம்பனியும் கலைந்தது. பிரித்தானிய ஆளுநர் நோர்த் எங்கள் அரிப்புக் கரையில் கட்டிய மாளிகையை, நாங்கள் அல்லிராணிக் கோட்டை என்கிற அதை, கடல் அரித்துக்கொண்டிருக்கிறது. அந்த முத்துக்களில் ஒன்றாவது முசலியில் ஒரு பள்ளிக்கூடமாக மாறியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். முசலிச் சனம் புத்தளத்து முகாம்களில் பிள்ளை பெற்று, பேரப்பிள்ளையும் கண்டது. முசலியின் முள்ளிக்குளத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களும் 2007இல் போரில் ஊரை இழந்தன. 2009இல் போர் முடிந்த பிறகு திரும்பியவர்களுக்கு வளவு இருந்த இடத்தில் காடு. பற்றை வெட்டி, பழைய கிணற்றுக்கட்டைத் தேடி எல்லை பிடித்து, தறப்பாள் கொட்டிலில் இருந்துகொண்டே விதைத்தார்கள்.

அகத்திமுறிப்புக் குளத்தின் கீழ் காலபோகம் தொடங்குமுன் கமக்காரர் கூடுவார்கள். குளத்தில் எத்தனை அடி தண்ணீர், துருசு என்றைக்குத் திறப்பது, கடைமடைக்காரனுக்கு எப்போது பாயும் என்று பேசுவார்கள். சத்தம் ஓங்கும், ஆனால் கடைமடைக்காரனை விட்டுவிட்டு யாரும் எழும்பமாட்டார்கள். பரக்கத்தை நான் அங்கேதான் கண்டிருக்கிறேன்.

பட்டம் பெறும் பிள்ளைகளே, இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். மறிச்சுக்கட்டி, பாலைக்குழி, கரடிக்குளிப் பக்கத்தில் பெரும் நிலத்தை 2017 வர்த்தமானி ஒதுக்குக்காடு என்று அறிவித்தது. காடும் எங்களுக்கு வேண்டும், காணியும் வேண்டும். பழைய உறுதியை வாசித்து, வரைபடத்தோடு ஒப்பிட்டு, வன அதிகாரியோடும் கமக்காரரோடும் ஒரே மேசையில் இருந்து பேச ஆள் தேவை. சட்டமும் நில அளவையும் சூழலியலும் படித்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். விழா முடிந்ததும் நான் வாசலில் நிற்பேன். வர விருப்பமுள்ளவர்கள் பெயரைத் தந்துவிட்டுப் போங்கள்.