சர்க்கரைப் புண்ணும் ஸ்மார்ட் பேண்டேஜும்

(நமது டிரஸ்ட் நடத்திய சர்க்கரை நோய் விழிப்புணர்வுக் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



கூட்டம் தொடங்கும் முன்பே மூன்று பேர் செல்போனை நீட்டி ஒரே வீடியோவைக் காட்டினார்கள். புண்ணில் ஒட்டினால், சீழ் பிடிக்கப் போவதை முன்கூட்டியே போனுக்குச் சொல்லிவிடும் பேண்டேஜ். "டாக்டர், இது ஈரோட்டில் எங்கே கிடைக்கும்? அத்தாவுக்கு வாங்கணும்" என்றார் ஒரு தம்பி. அவருக்கான பதிலையே எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் செய்தி உண்மைதான். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2022-ல் அப்படி ஒன்றை வெளியிட்டார்கள். புண்ணின் சூட்டையும், அந்த இடத்தில் மின்சாரம் எவ்வளவு தடைபடுகிறது என்பதையும் அது அளக்கிறது. புண் ஆற ஆற மின்தடை கூடும். வீக்கம் குறையக் குறைய சூடு தணியும். ஆறவில்லை என்று தெரிந்தால் அதுவே லேசான மின்தூண்டல் கொடுக்கிறது. எலிகளில் சோதித்தபோது புண் சுமார் 25 சதவீதம் வேகமாக ஆறியது. கால்டெக் என்ற கல்வி நிறுவனத்தார் 2025-ல் இன்னொரு படி போனார்கள். சர்க்கரையாலும் ரத்த ஓட்டக் குறைவாலும் ஆறாத புண்ணோடு இருந்த 20 பேருக்கு, புண்ணில் ஊறும் நீரை உறிஞ்சிச் சோதிக்கும் கட்டைப் போட்டுப் பார்த்தார்கள். அழற்சியையும் கிருமித் தொற்றையும் காட்டும் வேதிப்பொருள்களை அது கண்டுபிடிக்கிறது. வெளியே அறிகுறி தெரிய ஒன்று முதல் மூன்று நாள் முன்பே தெரிந்துவிடும் என்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், நல்ல முன்னேற்றம்.

ஆனால் தம்பி, இவை இன்னும் ஆராய்ச்சிக் கட்டத்தில் உள்ளவை. "ஸ்மார்ட் பேண்டேஜ்" என்று பெயர் போட்டு யாராவது ஆன்லைனில் விற்றால் பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.

இப்படி ஒரு கட்டு எதற்குத் தேவைப்படுகிறது? சர்க்கரை பல ஆண்டு கட்டுப்பாடில்லாமல் இருந்தால் காலின் நரம்பு மரத்துப் போகிறது, ரத்தக் குழாயும் சுருங்குகிறது. வலி என்பது அல்லாஹ் நமக்குத் தந்த காவல்காரன். அந்தக் காவல்காரன் தூங்கிவிடுகிறான். ஜவுளி வியாபாரி ஒருவர் செருப்பில் ஏறிய குண்டூசியோடு இரண்டு நாள் நடந்திருக்கிறார். வீட்டில் பாயில் ரத்தக் கறையைப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. கனி மார்க்கெட்டில் சந்தை நாளில் விடிய விடிய நின்று வியாபாரம் செய்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல். இந்தக் கூட்டத்திலேயே எத்தனை பேர் என்று கை தூக்கச் சொன்னால் தெரிந்துவிடும். வேண்டாம், தூக்க வேண்டாம்.

அந்தக் கட்டு பார்க்கும் வேலையில் பாதியை உங்கள் வீட்டிலேயே செய்யலாம். ஒரு நாளைக்கு ஐந்து முறை ஒளு செய்கிறோம், ஐந்து முறை காலைக் கழுவுகிறோம். அதில் ஒரு முறையாவது, வெளிச்சத்தில் உட்கார்ந்து உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாத பெரியவர்களுக்கு மகனோ மருமகளோ பேரப்பிள்ளையோ பார்க்கட்டும். புறங்கையை இரண்டு பாதத்திலும் ஒரே இடத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சூடு அதிகமாக இருந்தால் உள்ளே ஏதோ நடக்கிறது. இரண்டு காலுக்கும் சுமார் 2 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் நீடித்தாலே மருத்துவர்கள் எச்சரிக்கை ஆகிவிடுவார்கள். கழுவிய பிறகு விரல் இடுக்குகளைத் துடைத்து உலர வையுங்கள். அங்கே ஈரம் நின்றால் தோல் ஊறி வெடிக்கும்.

புண் வந்துவிட்டது, தண்ணீர் படக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார் என்றால், "ஒளு எப்படி?" என்று சிலர் கட்டையே அவிழ்த்துக் கழுவுகிறார்கள். கட்டின் மேல் மஸஹு செய்ய மார்க்கத்தில் இடம் இருக்கிறது. முறையை உங்கள் மஹல்லா இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டை அவிழ்க்காதீர்கள்.

அடுத்தது மஞ்சள். ஈரோட்டில் நின்று கொண்டு இதைச் சொல்ல எனக்கே சங்கடம்தான். காயத்துக்கு மஞ்சள் என்ற நம் வீட்டு வைத்தியத்துக்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமையே கொடுத்துவிட்டார்கள். நம் சி.எஸ்.ஐ.ஆர். பழைய ஆதாரங்களைக் காட்டிப் போராடி 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தது. சின்னக் கீறலுக்கு மஞ்சள் வைத்த பாட்டிமார்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆழமான சர்க்கரைப் புண்ணில் அஞ்சறைப் பெட்டிப் பொடியை அப்பினால் அதோடு தூசியும் கிருமியும் போகும், புண்ணின் நிறமும் தெரியாமல் போகும். காபித்தூள், சாம்பல் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். ஆணிக்காலை பிளேடால் சீவுவதும், மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும் இன்னும் மோசம். சூடு தெரியாத கால் வெந்து போவதை நான் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு நல்ல கட்டும் உடம்பின் பாரத்தைத் தாங்காது. உள்ளங்காலில் புண்ணை வைத்துக்கொண்டு நடந்தால் எந்த மருந்தும் பலிக்காது. ஆறும் வரை நாற்காலியில் உட்கார்ந்து தொழுவதற்குத் தயங்காதீர்கள்.

புண்ணில் நாற்றம், கருப்பு நிறம், புண்ணைச் சுற்றிப் பரவும் சிவப்பு, காய்ச்சல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்கு வாருங்கள். செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம். சர்க்கரை நோயாளிகளின் காலைக் காக்கவே தமிழக அரசு 'பாதம் பாதுகாப்போம்' திட்டம் வைத்திருக்கிறது. அரசு மருத்துவமனையில் அதைச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம். தாய்மார்கள் சீட்டில் எழுதி அனுப்புங்கள், பெயர் வேண்டாம். காலைக் காட்டக் கூச்சப்பட்டே பலர் தாமதமாக வருகிறீர்கள். உள்ளே பெண் மருத்துவர் இருக்கிறார், இன்ஷா அல்லாஹ் கூட்டம் முடிந்ததும் அவர் பார்ப்பார்.