செயலுக்கு முன்னும் பின்னும்

(மறுவாழ்வு, குடும்ப நலப் பணிகளில் ஈடுபட்டுள்ள ஆலோசகர்களுக்கும் தொண்டூழியர்களுக்கும் நடத்தப்பட்ட பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று காலை இந்த மண்டபத்திற்கு வரும்போது சன்னதியில் மணி ஒலித்தது. எனக்கு முன்னே நடந்துகொண்டிருந்த ஓர் அம்மையார் கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினார். அவர் யோசித்துச் செய்யவில்லை. கை தானாக எழுந்தது. சிறு வயது முதல் மணியோசையும் தீபாராதனையும் சேர்ந்தே வந்ததால், ஓசை ஒன்றே போதுமானதாகிவிட்டது. நான் இன்று அறிமுகப்படுத்த வந்திருக்கும் நடத்தையியலை இந்தக் கைகூப்பலிலிருந்தே தொடங்கலாம்.

ரஷ்ய உடலியல் அறிஞர் இவான் பாவ்லோவ், செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர். நாய்க்கு உணவு கொடுப்பதற்கு முன் ஓர் ஒலியை மீண்டும் மீண்டும் எழுப்பிவந்தால், பிறகு அந்த ஒலியைக் கேட்ட மாத்திரத்திலேயே அதன் வாயில் உமிழ்நீர் ஊறுவதை அவர் எடுத்துக்காட்டினார்.

நாய்க்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். மறுவாழ்வு இல்லத்திலிருந்து வெளியேறும் ஒரு தம்பியை நினைத்துப் பாருங்கள். ஓராண்டாகப் போதைப்பொருளைத் தொடாதவர். தம் பழைய புளோக்கின் கீழ்த்தளத்தில், கூட்டாளி வழக்கமாகக் காத்திருந்த அதே தூணைப் பார்க்கிறார். நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது, ஏக்கம் பொங்குகிறது. "இவருக்கு மனவுறுதி போதாது" என்று நாம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அந்த அம்மையாருக்கு மணியோசை எப்படியோ, இந்தத் தம்பிக்கு அந்தத் தூண் அப்படி. எந்த வழியாக வீட்டுக்குப் போவது, யாரோடு போவது, ஏக்கம் வந்தால் யாரை அழைப்பது என்று முன்கூட்டியே அவரோடு அமர்ந்து வரைந்து கொடுப்பதுதான் நம் வேலை.

இப்படிப் பழகியதை மாற்றிப் பழக்கவும் முடியும். 1924ஆம் ஆண்டு அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண்மணி, முயலைக் கண்டு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவனுக்கு உதவியதைப் பற்றி எழுதினார். குழந்தை விருப்பமான உணவை உண்ணும் நேரத்தில் முயலைத் தொலைவில் வைத்து, நாளடைவில் மெல்ல மெல்ல அருகில் கொண்டுவந்தார். இறுதியில் அவன் முயலைத் தொட்டு விளையாடினான். தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்பி இந்த வழியை வளர்த்து 1958இல் நூலாக வெளியிட்டார். அச்ச நோய்களுக்கு இன்று நாம் செய்யும் படிப்படியான பயிற்சியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அடுத்தது, செயலின் பின் வருவது. எட்வர்ட் தார்ண்டைக் 1898இல் பூனைகளைக் கூண்டுகளில் வைத்து ஆராய்ந்தார். எந்தச் செயல் கதவைத் திறந்து உணவைத் தந்ததோ, அந்தச் செயலே நிலைத்தது. பயன் தராதவை மறைந்தன. பி. எப். ஸ்கின்னர் இதை விரிவாக ஆராய்ந்தார். ஒரு செயலுக்குப் பின்னால் வருவது அந்தச் செயலை மீண்டும் வரச் செய்தால், அதற்கு வலுவூட்டல் என்று பெயர்.

வலுவூட்டல் என்றால் பரிசு மட்டும்தான் என்று எண்ணிவிடாதீர்கள். ஒருமுறை மின்தூக்கியில் சிக்கிக்கொண்ட ஒருவர் எட்டு மாடி படியேறிப் போகிறார். மின்தூக்கியைத் தவிர்த்தவுடன் பயம் தணிகிறது. அந்த நிம்மதியே தவிர்ப்புக்கு உரமாகிறது. நாளை இன்னும் உறுதியாகத் தவிர்ப்பார். "பாவம், படியிலேயே போகட்டும்" என்று வீட்டார் அன்போடு சொல்வது பயத்துக்குத்தான் உதவுகிறது.

எப்போதாவது கிடைக்கும் பலன் பழக்கத்தை மிகவும் இறுக்கிவிடும். நான்கு இலக்கச் சீட்டு வாங்குபவரை நினையுங்கள். ஒவ்வொரு வாரமும் விழுந்தால் அது சம்பளம். எப்போதோ ஒருமுறை விழுவதால்தான் விடமுடியவில்லை. பத்து முறை மறுத்துவிட்டுப் பதினோராவது முறை அழுகைக்கு இரங்கிப் பணம் கொடுக்கும் தாயும் அதையே செய்கிறார். பத்து முறை மறுத்தாலும் விடாமல் கேட்டால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறான்.

இனி என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். சம்பந்தப்பட்டவரை யாரும் அடையாளம் காணாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நான் பணியில் சேர்ந்த புதிதில், போதைப் பழக்கத்திலிருந்து மீண்டு வீடு திரும்பிய இளைஞர் ஒருவரும் அவருடைய தாயாரும் என்னிடம் வந்தார்கள். மாதக்கணக்கில் "ஏன்" என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். ஏன் தொடங்கினீர்கள், ஏன் விடமுடியவில்லை, அப்பாவிடம் ஏன் கோபம் என்றெல்லாம் கேட்டேன். அவரும் அழகாகப் பதில் சொன்னார். மூன்று முறை பழக்கத்திற்குத் திரும்பிவிட்டார்.

எனக்கு மேற்பார்வையாளராக இருந்த பெரியவர் ஒருநாள், "தம்பி, உங்கள் குறிப்பேட்டைக் கொண்டு வாருங்கள்" என்றார். புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இவரோடு எந்த நாட்களில் அதிக நேரம் பேசினீர்கள்?" எண்ணிப் பார்த்தேன். அவர் தவறிய வாரங்களில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் பேசியிருந்தேன். கூடுதல் சந்திப்பும் கொடுத்திருந்தேன். ஒழுங்காக இருந்த வாரங்களில், "நல்லது, இப்படியே இருங்கள்" என்று பத்து நிமிடத்தில் அனுப்பியிருந்தேன். வீட்டிலும் அதே கதை. மகன் நேரத்தோடு வந்தால் தாயார் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. தாமதித்தால் மாமா வருவார், சித்தி வருவார், அழுகை, சமாதானம், கையில் பணம். அந்த இளைஞர் நன்றாக இருந்த நாட்களில் அவரை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை, நானும்தான்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுவாரம் முதல் முறையை மாற்றினோம். முன், செயல், பின் என்று மூன்று பத்திகள் கொண்ட ஒரு தாளை மூவரும் சேர்ந்து நிரப்பினோம். ஏழு மணிக்குள் மகன் வந்தால் தாயார் அவரோடு அமர்ந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். சனிக்கிழமை காலையில் கோயில் சமையற்கூடத்தில் காய் நறுக்கும் வேலையை அவரே தேர்ந்தெடுத்தார். பழைய காப்பிக்கடை இருக்கும் தெருவைத் தவிர்த்து வேறு பேருந்தில் ஏறினார். நல்ல வாரங்களுக்கே என் முழு நேரத்தையும் கொடுத்தேன்.

ஐந்தாம் மாதத்தில் மீண்டும் ஒருமுறை தவறினார். இந்த முறை யாரும் கூட்டம் போடவில்லை. அன்று எங்கே இருந்தார், யார் வந்தார், பின்பு என்ன நடந்தது என்று எழுதி, இடைவெளி எங்கே என்று கண்டுபிடித்தோம். நான் கடைசியாக அவரைச் சந்தித்தபோது வேலையில் இருந்தார். முன்பு நான் செலவழித்த மாதங்களைத் திருப்பித் தர எனக்கு வழியில்லை. அதனால்தான் புதிய ஆலோசகர்களிடம் இதை மறைக்காமல் சொல்கிறேன்.

இந்தக் கருத்துக்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஸ்டீபன் ஹிகின்ஸ் குழுவினர், கொக்கேன் பழக்கத்திலிருந்து மீள முயன்றோருக்குச் சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக இருக்கும் ஒவ்வொரு முறையும் பொருள் வாங்கும் பற்றுச்சீட்டு கொடுத்தார்கள். வழக்கமான ஆலோசனை பெற்றவர்களைவிட இவர்கள் நீண்ட காலம் பழக்கமின்றி இருந்தார்கள்.

நம் கண் முன்னே இன்னொரு சான்றும் இருக்கிறது. தைப்பூசத்திற்குக் காவடி எடுக்க விரதம் இருப்பவர்கள் வாரக்கணக்கில் மதுவையும் சிகரெட்டையும் தொடுவதில்லை. சிலர் காவடி இறக்கிய சில நாட்களில் பழையபடி ஆகிவிடுகிறார்கள். பக்தி குறைந்துவிட்டது என்று சொல்வது எளிது. விரத காலத்தில் என்ன இருந்தது என்று பாருங்கள். கோயிலுக்குப் போகும் நேரம், வீட்டாரின் மரியாதை, மது அருந்த அழைக்காத நண்பர்கள், எண்ணிக்கொண்டு வரும் ஒரு நாள். விரதம் முடிந்ததும் இவை எல்லாம் ஒன்றாக நின்றுவிடுகின்றன. அவற்றில் இரண்டையாவது மறுவாரமும் நீட்டிக்க முடியுமா என்று ஆலோசகர் கேட்க வேண்டும்.

மனச்சோர்வுக்கும் இதே வழி உதவும். கணவரை இழந்த ஒரு பாட்டி, "மனசு சரியானதும் கோயிலுக்கு வருகிறேன்" என்கிறார். வீட்டிலேயே இருப்பதால் மகிழ்ச்சி தருவது எதுவும் அவரை வந்தடைவதில்லை, சோர்வு கூடுகிறது. மனம் மாறக் காத்திராமல், வாசல்வரை நடப்பது, ஒருவருக்குத் தொலைபேசியில் பேசுவது என்று சிறு செயலிலிருந்து தொடங்க வேண்டும். கோவாவில் 10 ஆரம்பச் சுகாதார நிலையங்களில் 495 பேரிடம் விக்ரம் பட்டேல் குழுவினர் நடத்திய ஆய்வு 2017இல் 'தி லான்செட்' இதழில் வெளிவந்தது. மனநலப் படிப்பு இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டுச் சந்திப்புகளில் இம்முறையைக் கையாண்டார்கள். மூன்று மாதத்தில், அவர்களிடம் சென்றவர்களில் 64 விழுக்காட்டினர் சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 39 விழுக்காட்டினரே மீண்டிருந்தார்கள். தொண்டூழியர்களே, இந்தக் கணக்கு உங்களுக்காகவே சொல்லப்பட்டது.

எச்சரிக்கைகளும் உண்டு. ஒரு தவறான செயலுக்குக் கிடைத்துவந்த கவனத்தை நிறுத்தினால், அது முதலில் கூடிப் பிறகு குறையக்கூடும். இதைக் குடும்பத்தாரிடம் முன்பே சொல்லாவிட்டால் மூன்றாம் நாள் மனம் தளர்ந்துவிடுவார்கள். உயிரை மாய்த்துக்கொள்வதாக ஒருவர் சொன்னால் அதை ஒருபோதும் புறக்கணிக்கக் கூடாது. உடனே உரிய உதவியை நாட வேண்டும். நெடுநாள் குடிப்பவர் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்; அது மருத்துவர் பார்வையில்தான் நடக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எதை மாற்றுவது என்பதை வந்தவரே நம்மோடு சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். அவர் நம் கைப்பொம்மை அல்லர்.

நன்கொடையாளர்களிடமும் ஒரு வார்த்தை. நீங்கள் அளிக்கும் வெள்ளி ஒருவருக்கு உணவாகவும் உறைவிடமாகவும் போய்ச் சேருகிறது. அதே கொடை ஓர் ஆலோசகரின் பயிற்சியாகவும், நல்ல வாரத்தில் அவர் ஒருவருக்காக ஒதுக்கும் ஒரு மணி நேரமாகவும் மாறும்போது அதன் பலன் இன்னும் நெடுநாள் நிற்கும். நன்றாக இருப்பவரைக் கவனிக்கும் அந்த நேரத்துக்குப் பெயர்ப்பலகை வைக்க முடியாது. ஆனால் அதுவும் அன்னதானத்தைப் போன்றதே.

ஆலோசகர்களே, நாளை உங்கள் குறிப்பேட்டை எடுத்து, அந்தப் பெரியவர் என்னிடம் கேட்ட கேள்வியை உங்களிடமே கேட்டுப் பாருங்கள்.