பெரியவளான பெண்ணுக்குப் பந்தலா, சாப்பாடா?



நான் வைத்தியம் படித்தவனல்ல. பள்ளிப் படிப்புங்கூட அதிகமில்லாதவன். நாலு புத்தகங்களைப் புரட்டியும், டாக்டர்களிடமும் நர்சுகளிடமும் கேட்டும் தெரிந்துகொண்டதைச் சொல்லுகிறேன். உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் ஒப்புக்கொள்ளுங்கள், இல்லையேல் தள்ளிவிடுங்கள்.

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் பெரியவளானபோது நான் புரோகிதரைக் கூப்பிடவில்லை. சோதிடரிடம் நேரம் கேட்கவில்லை. பெரிய பகுத்தறிவுவாதி என்று பெருமையடித்துக் கொண்டேன். ஆனால், சொந்தக்காரர் என்ன சொல்லுவார்களோ என்று பயந்து, கடன் வாங்கிப் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, ஊருக்கெல்லாம் விருந்து வைத்தேன். மறு வருஷம் பள்ளிக்கூடத்தில் இரத்தம் சோதித்தார்கள். 12 கிராமாவது இருக்கவேண்டிய ஹீமோகுளோபின் 9 கிராமே இருந்தது. என் கடன் பணத்தில் ஊர் முழுதும் தின்றது. என் மகள் மாத்திரம் இரத்தமில்லாமல் நின்றாள்!

இது என் வீட்டுச் சங்கதி மாத்திரமல்ல. 2019 முதல் 2021 வரை சர்க்கார் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100-க்கு 59 பேருக்கு இரத்தச்சோகை இருந்தது. காரணமென்ன? தலைவிதியா? அந்த வயதில் உடம்பு வளருகிறது. மாதந்தோறும் இரத்தமும் போகிறது. இரண்டுக்கும் இரும்புச்சத்து வேண்டும். நாம் செய்வதோ, ஆண்கள் தின்றதுபோக மிச்சத்தை அவளுக்கு வைப்பது! அவளும் காலையில் வெறும் டீயோடு பள்ளிக்கு ஓடுகிறாள். சாப்பாட்டோடு குடிக்கும் டீ, இரும்புச்சத்தை உடம்பில் சேரவொட்டாமல் தடுக்கிறது. வெறுங்காலில் நடந்தால் கொக்கிப்புழு உள்ளே புகுந்து, குடலில் இருந்துகொண்டு இரத்தத்தை உறிஞ்சுகிறது. பள்ளியில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையோ, மலம் கறுக்கிறதென்ற பயத்தால் குப்பைக்குப் போகிறது. அப்படிக் கறுப்பது கெடுதலல்ல.

இவ்வளவுக்கும் மேல் ‘தீட்டு’ என்று அவளை மூலையில் உட்கார வைக்கிறோம். கருவைத் தாங்குவதற்காகக் கருப்பையில் தடித்த சவ்வு, கரு தங்காதபோது இரத்தத்தோடு வெளியேறுகிறது. அது தீட்டானால், அதே சவ்வில் ஒட்டி வளர்ந்த நாமெல்லாம் யார்?

“கல்யாணமாகட்டும், கர்ப்பமாகட்டும், அப்புறம் கவனிக்கலாம்” என்பீர்கள். கருவின் மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் மூலமான குழாய், கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிக்கொள்ளுகிறது. தான் கர்ப்பமென்பதே அநேகம் பெண்களுக்கு அப்போது தெரியாது. அதற்கு வேண்டிய ஃபோலிக் அமிலம் முன்னமேயே தாயின் உடம்பில் இருக்கவேண்டும். சோகை பிடித்தவளுக்குப் பிரசவத்தில் இரத்தம் அதிகமாகப் போனால் உயிருக்கே ஆபத்து. பிள்ளையும் எடை குறைந்து பிறக்க ஏதுவாகும். அப்போது ஜாதகத்தின் மேல் பழி போடுவது என்ன நியாயம்?

பழையதெல்லாம் தப்பென்று நான் சொல்லவில்லை. பெரியவளானதும் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுக்கிறார்களே, அது நல்ல வழக்கந்தான். அது ஏன் 16 நாளோடு நின்றுபோக வேண்டும்? பதினேழாம் நாள் அவள் வயிறு எங்கே போய்விட்டது?

‘பெரியவளானாள்’ என்ற சொல்லே நம்மை ஏய்க்கிறது. அது வளர்ச்சியின் முடிவல்ல. இடுப்பெலும்பு இன்னும் வளரவேண்டியிருக்கிறது. பெண்ணின் கல்யாண வயதை 1929-ஆம் வருஷத்துச் சட்டம் 14 என்றது. 1978-இல் அது 18 ஆயிற்று. சட்டம் வளர்ந்தும் நம் புத்தி வளராவிட்டால் பிரயோஜனமென்ன?

பிள்ளை பெறுவதற்காகப் பெண்ணைக் கொழுக்க வைக்கச் சொல்லுவதாக யாரும் நினைக்கவேண்டாம். அவள் பிள்ளை பெறும் யந்திரமல்ல. பெறுவதும் பெறாததும் அவள் இஷ்டம். ஆனால் எந்த வழியில் போவதற்கும் அவளுக்குத் திடமான உடம்பு வேண்டாமா?

ஆகையால் தோழர்களே! பந்தல் பணத்தை அடுப்பங்கரைக்குத் திருப்புங்கள். முருங்கைக்கீரை, பயறு, கேழ்வரகு, நெல்லிக்காய், முடிந்தபோது ஈரலோ சுவரொட்டியோ, காலுக்கு ஒரு ஜோடி செருப்பு, ஓடி விளையாட அனுமதி, இவைகளே அவளுக்குச் செய்யும் சீர். இன்றிரவு உங்கள் வீட்டில் யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள் என்று மாத்திரம் பாருங்கள். பார்த்து வெட்கம் வந்தால், நான் பேசியது வீணாகவில்லை என்று சொல்லி இத்துடன் முடித்துக்கொள்ளுகிறேன்.