கோசுமல்லிக்கு உப்பு எப்போது?

(சித்திரை மாதக் கூட்டத்தில் குடியிருப்பவர் ஒருவர் பேசியது)

நறுக்கிக்கொண்டே பேசுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள்.

போன வருஷ மொட்டைமாடி விருந்து ஞாபகம் இருக்கும். காலை பத்து மணிக்கே ஒரு பேசின் நிறைய கோசுமல்லி கலந்து மூடி வைத்தது நான்தான். பந்தி போட்டது ஒரு மணிக்கு. திறந்தால் காய் தண்ணீரில் மிதக்கிறது, தேங்காயில் லேசாக ஒரு வாடை. வீணாகக் கூடாதே என்று தண்ணீரை வடித்துவிட்டுப் பரிமாறிவிட்டேன். அன்று ராத்திரி மூன்று குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. ஒரு குழந்தைக்கு டிரிப்ஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. அதனால்தான் இன்றைக்கு நானே பேசுகிறேன் என்று செயலாளரிடம் கேட்டு வாங்கினேன்.

சாலட் என்றதும் பிள்ளைகள் மயோனைஸ் கேட்கிறார்கள். ராமநவமிக்கு நீர்மோர், பானகத்தோடு செய்யும் கோசுமல்லியைவிட இந்த வெயிலுக்கு வேறென்ன வேண்டும்?

நான்கு பேருக்கு அரை கப் பாசிப்பருப்பு. முக்கால் மணி நேரம் ஊறினால் போதும், நகத்தால் கிள்ளினால் உடைய வேண்டும். இரண்டு வெள்ளரிக்காய், ஒரு கேரட் துருவல், சின்ன மாங்காயில் பாதி, பச்சைமிளகாய் ஒன்று, இரண்டு ஸ்பூன் தேங்காய்த்துருவல், கொத்தமல்லி. கடுகு, பெருங்காயம் தாளித்து ஆறவிட்டுக் கொட்டுங்கள். வெள்ளரிக்காயை நறுக்குமுன் காம்புப் பக்கம் ஒரு துண்டு கடித்துப் பாருங்கள். கடுங்கசப்பாக இருந்தால் முழுக் காயையும் தூக்கிப் போடுங்கள், தேய்த்துச் சரிபண்ண வேண்டாம். இது எதுவும் அடுப்பில் வேகப்போவதில்லை. அதனால் மேல்தொட்டித் தண்ணீரில் மண் போகக் கழுவிவிட்டு, கடைசி அலசல் குடிக்கிற தண்ணீரில். பருப்பு ஊறுவதும் அதிலேதான்.

உப்புக்கு வருகிறேன். உப்பு பட்டதுமே வெள்ளரிக்காய் தண்ணீர் விட ஆரம்பித்துவிடும். அதனால் இலை போட்ட பிறகுதான் உப்பும் எலுமிச்சையும். அதுவரை நறுக்கிய காய் ஃபிரிட்ஜில், தேங்காய் தனியாக. கலந்த பிறகு, இந்த வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். மிஞ்சினால் கொட்டிவிடுங்கள். நான் அன்றைக்குக் கொட்டியிருக்க வேண்டும்.

மரக்காணம் பக்கம் போகிறவர்கள் உப்பளத்துக் கல்லுப்பு வாங்கி வருகிறீர்கள், எனக்கும் ஒரு பை கொடுத்தீர்கள். நம் பக்கத்து உப்பு, குறை சொல்ல மனசு வராது. ஆனால் பாத்தியில் வாரியபடி வருவதில் அயோடின் சேர்த்திருக்காது. சாப்பாட்டு உப்பை அயோடின் கலக்காமல் விற்கக் கூடாது என்று 2006 முதல் நாடு முழுக்கத் தடை இருக்கிறது. சமையலுக்கு அயோடின் கலந்ததையே வாங்குங்கள். கோசுமல்லிக்குத் தூள் உப்புதான் சரி, கல்லுப்பு கரையாமல் பல்லில் நறநறக்கும்.

நான்கு பேருக்கு அரை டீஸ்பூன் தாராளம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சுமார் ஒரு டீஸ்பூன், சாம்பாரும் ஊறுகாயும் மோர்மிளகாயும் எல்லாம் சேர்த்து. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற மாமா, மாமிகளுக்கு: மாங்காயைக் கொஞ்சம் கூட்டுங்கள், உப்பு குறைந்தது நாக்குக்குத் தெரியாது.

சரி, இப்போது உப்பு போடுகிறேன். கிண்ணத்தை நீட்டுங்கள், குழந்தைகள் முதலில் வரட்டும்.